வெறும் காற்றின் படம்

காலை ஆறரைக்கு ஸ்கேன் சென்டரின் ஷட்டரைத் தூக்கியதும் தாவீது செய்கிற முதல் வேலை, ஆளில்லாத மெஷினை ஓடவிட்டு வெறும் காற்றைப் படமெடுப்பதுதான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த எக்ஸ்ரே குழாயைச் சூடேற்ற வேண்டும். ஒன்றுமில்லாத இடம் எப்படி இருக்கும் என்று மெஷினுக்குத் தினமும் ஒரு தடவை காட்டிக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதற்குப் பிறகு வருகிற உடம்புகளுக்குள் இருப்பது எது, இல்லாதது எது என்று அது சரியாகச் சொல்லும். பன்னிரண்டு வருஷமாக இதைச் செய்துவருகிறான். பெரிய வளையத்துக்குள் காற்று இரைகிற மாதிரி ஒரு சத்தம் எழும்பும், பின்தெருவில் அந்நேரத்துக்கே தொடங்கிவிடுகிற தறிச் சத்தம் அதில் அமுங்கிப்போகும், திரையில் ஒரு கறுப்பு வட்டம் வரும். வட்டத்துக்குள் எதுவும் இருக்காது. அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான்.

நவம்பர் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை, வட்டத்துக்குள் ஏதோ இருந்தது.

முதலில் போர்வை என்று நினைத்தான். முந்தின நாள் கடைசிப் பேஷண்ட் விட்டுப்போன கவுனாக இருக்கும். எழுந்து கனத்த கதவைத் தள்ளி உள்ளே போனான். ஏசிக் குளிரில் ஸ்பிரிட் வாசனை உறைந்து நின்றது. டேபிள் காலியாக இருந்தது. நம்பாமல் உள்ளங்கையால் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை தடவிப் பார்த்தான். ரெக்சின் சில்லென்றிருந்தது. திரும்பி வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையை மறுபடி பார்த்தபோது, அந்தச் சாம்பல் நிழலில் விலா எலும்புகளின் வளைவு தெரிந்தது. சின்ன விலாக்கள். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு காசு அளவுக்கு இரும்பு, நட்சத்திரம் போலச் சிதறி வெளிச்சம் காட்டியது. மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்துத் தைக்கிற போர்ட்.

சோதனைப் படத்தில் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே எழுத்து இருந்தது. அபிநயா. வயது பதினொன்று. பெண்.

தாவீதின் மகள். அவளை ஓரிக்கையில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணி அன்றைக்கு நாற்பத்தொரு நாள்.

பழைய படம் எதையோ மெஷின் தவறுதலாக எடுத்துப் போட்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தேதியைப் பார்த்தான். அன்றைய தேதி. நேரம் ஆறு நாற்பத்தொன்று. விரல் தானாகப் போய் அழிக்கிற பொத்தானை அழுத்தியது. படம் போய்விட்டது. மறுபடி ஓடவிட்டபோது கறுப்பு வட்டம் வந்தது, சுத்தமாக.

ஏழு மணிக்கு நர்ஸ் அனு நனைந்த குடையோடு உள்ளே வந்தாள்.

"இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"தூக்கமில்லம்மா."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நாற்பது நாளாக அந்த சென்டரில் யாரும் அவனிடம் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அபிக்கு இடது முழங்காலில் வலி வந்தது. வளர்கிற பிள்ளை, ஸ்கூலில் ஓடியாடுகிறாள், அதனால்தான் என்று நினைத்தார்கள். பட்டுக்கடையில் சேல்ஸ் வேலை பார்த்த அவன் மனைவி சுகாசினி தினமும் ராத்திரி தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்த இடம் ஒருநாள் கையில் கல்லாகத் தட்டுப்பட்டது. எலும்பில் கேன்சர். சென்னையில் கீமோ போட்டு, எலும்பை வெட்டியெடுத்து இரும்பு வைத்து, காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த நோய் நுரையீரலுக்குப் போகக்கூடியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நெஞ்சு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அதைத் தாவீதே எடுத்தான். சொந்தப் பிள்ளையை நீ எடுக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு யார் கையில் விடுவான்?

நெஞ்சைப் படமெடுக்கும்போது மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொள்ள வேண்டும். நுரையீரல் விரிந்தால்தான் மிளகு அளவுப் புள்ளிகூடத் தெரியும். பெரியவர்களுக்கு மெஷினே பதிவு செய்த குரலில் சொல்லிவிடும். அபிக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. அப்பாதான் மைக்கில் சொல்ல வேண்டும். வீட்டில் கட்டிலில் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, பயிற்சி எடுப்பாள். கண்ணை இறுக்கி மூடி, கன்னத்தை உப்பி, முகம் சிவக்கக் கிடப்பாள். போதும் வுடு என்று சுகாசினி சொன்னால் கேட்கமாட்டாள். "நீ சொன்னா செல்லாதுமா. அப்பா வுடலாம்னு சொல்ற வரைக்கும் வுட மாட்டேன்."

அப்பா சொல்லுவான். அவள் புஸ்ஸென்று விட்டுச் சிரிப்பாள்.

செப்டம்பர் கடைசியில் எடுத்தது ஆறாவது ஸ்கேன். அதற்குள் புள்ளிகள் வந்துவிட்டிருந்தன. வலது பக்கம் ஒன்பது, இடது பக்கம் ஐந்து. புது மாத்திரை கேட்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்தது. "இழு கண்ணு. புடிச்சுக்கோ" என்று மைக்கில் சொன்னான். அவள் பிடித்தாள். வளையம் சுழல ஆரம்பித்த மறுகணம் கரெண்ட் போயிற்று. யுபிஎஸ் இரண்டு தடவை கூவி அதுவும் அடங்கியது. சுத்த இருட்டு. மெஷின் சூட்டில் கெட்டுவிடும், ஜெனரேட்டரைப் போடு என்று கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினான் தாவீது. வாட்ச்மேன் இல்லை. அவனே மல்லுக்கட்டிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபி கைகளைத் தலைக்கு மேல் நீட்டிய மாதிரியே கிடந்தாள். கன்னம் உப்பியிருந்தது. உதடு கறுநீலம். அவன் ஓடிப்போய் அள்ளியெடுத்தபோதுதான் தலை சாய்ந்தது, மூச்சோடு ரத்தமும் வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தாள். கண் திறக்கவில்லை. நுரையீரல் ஏற்கெனவே அந்த நிலைமையில்தான் இருந்தது, இன்றில்லாவிட்டால் இன்னும் பத்து நாள் என்றார் டாக்டர். "இன்னா ஆச்சு?" என்று சுகாசினி கேட்டபோது, ஸ்கேன் எடுக்கையில் மயங்கிவிட்டாள் என்று மட்டும் சொன்னான். பொய்யில்லை. ஆனால் வுடலாம் என்று தான் சொல்லவே இல்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஆறு மணிக்கே போனான். அனு வருவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. மெஷின் ஓடியது. பெயர் வந்தது. படம் வந்தது.

இந்தத் தடவை பொத்தானில் கை வைக்காமல், ஒவ்வொரு படமாக நகர்த்தி மேலிருந்து கீழே பார்த்தான். கைகள் தலைக்கு மேல் இல்லை. நெஞ்சின்மேல் கோத்து வைத்திருந்தன. அப்படி ஒரு நாளும் அபிக்குப் படம் எடுத்ததில்லை. கைகளை அப்படி வைத்தது, சவப்பெட்டிக்குள் கிடத்தும்போது சுகாசினியின் அக்காதான். உடம்பைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய கோடு ஓடியது. கோட்டின் மூலைகளில் ஆணிகள் பளிச்சென்று சிதறின. கோட்டுக்கு வெளியே, திரையின் ஓரம் வரைக்கும், பொடிப் பொடியாக வெளுப்பு. தண்ணீர் ஊறிய மணல் இப்படித்தான் தெரியும்.

பயம் வருவதற்கு முன்னால் அவன் கண், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், நுரையீரலுக்குப் போய்விட்டது. செத்த உடம்பில் நுரையீரல் சுருங்கித் துவண்டு கிடக்கும். இது விரிந்திருந்தது. கடைசி மூலைவரை காற்று ஏறி, கறுகறுவென்று, விலாக்களை வெளியே தள்ளிக்கொண்டு விரிந்திருந்தது. நன்றாக இழுத்து அடக்கிய மூச்சு. பாடப்புத்தகத்தில் போடலாம்.

பிறகு புள்ளிகளை எண்ணினான். வலது பக்கம் ஒன்பது இருந்த இடத்தில் ஆறு. இடது பக்கம் ஐந்து இருந்த இடத்தில் மூன்று.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினான். அப்புறம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வாய்க்குள் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுதான். அது பயத்தில் வந்த அழுகை இல்லை. நாற்பது நாளில் முதல் தடவையாக அவனுக்கு ஏதோ நல்ல சேதி வந்திருந்தது.

வியாழக்கிழமை ஏழு. வெள்ளிக்கிழமை ஐந்து. வெளியே மழை விடாமல் அடித்தது. வாலாஜாபாத் பக்கமிருந்து வருகிற பஸ்கள் முழங்காலளவு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது ஷட்டருக்கு வெளியே கேட்டது. வேலை ஜாஸ்தி, சீக்கிரம் போகணும் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஐந்தரைக்கே கிளம்பினான். சுகாசினி சுவரைப் பார்த்துப் படுத்தபடியே தலையை ஆட்டினாள். அவள் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற சந்தேகம் ஒரு பக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமைப் படத்தை, சோதனைப் படங்களை மெஷின் தானாக அழித்துவிடுவதற்குள், சென்னையிலிருந்து படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் ஆனந்தகுமாருக்கு அனுப்பிவிட்டான். அவருக்குத் தினமும் முப்பது நாற்பது பேருடைய படம் போகும்; யார் யார் என்று தெரியாது. பத்து மணிக்கு ரிப்போர்ட் வந்தது. முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடும்போது இரு நுரையீரல்களிலும் கட்டிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறைந்துள்ளன. சிகிச்சைக்கு நல்ல பலன் தெரிகிறது.

சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"தாவீது, காலையில அந்தக் குழந்தை படம் அனுப்பினீங்களே, நல்லா வந்திருக்கு. மூச்சை அவ்வளவு அழகாப் பிடிச்சிருக்கா. இன்னா மருந்து குடுக்குறாங்க?"

தாவீது போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அப்புறம் பேஷண்டைச் சுத்தி அது என்ன? அசையாம இருக்க ஏதாவது மணல் மூட்டை வச்சீங்களா? அடுத்த தடவை வேணாம். படத்துல இரைச்சல் விழுது."

"சரிங்க சார்" என்றான் தாவீது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சுகாசினியை வீட்டில் விட்டுவிட்டு ஓரிக்கைக்குப் போனான். பாலாறு அந்த வருஷம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. கல்லறைத் தோட்டத்தின் கீழ்ப்பக்கச் சுவர்வரை தண்ணீர் ஏறி, செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு நின்றது. அபியின் மேட்டைக் காணோம். மேடு இருந்த இடம் பள்ளமாக உள்வாங்கி, அதில் மழைத்தண்ணீர் தேங்கி, போன வாரம் அவன் வைத்த சாமந்தி மாலை மிதந்தது. குனிந்து, சட்டை நனைய மண்டியிட்டு, ஓரத்து மண்ணில் காதை வைத்தான். மழைச் சத்தம்தான் கேட்டது. தோண்ட வேண்டும் என்று ஒரு கணம் கை பரபரத்தது. தோண்டினால் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கிட்டத்தட்ட ஐம்பது நாள் ஆகிறது. இங்கே இருப்பது வேறு. அங்கே திரையில் இருப்பது வேறு. அங்கே இருப்பவள் குணமாகிக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமைப் படத்தில் பெட்டியின் மேல் கோடு நடுவில் ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தின் வழியாக வெளுப்பு உள்ளே இறங்கி, இடுப்புவரை அவளை மூடியிருந்தது. கோத்து வைத்த கைகள் நெஞ்சின்மேல் இல்லை. தேடினான். தலைக்கு மேலே, பெட்டியின் பலகையில் விரல்கள் இடிக்க, நேராக நீட்டியிருந்தன. யாரும் சொல்லாமலேயே, மணல் வருவதற்கு முன்னால், படமெடுக்கத் தோதாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

புள்ளிகள் மூன்று.

மைக் பொத்தான் மேசையில் வலது கைப்பக்கம் இருந்தது. ஒரு வார்த்தை பேசினால் கேட்பாளோ? விரல் அதுவரை போனது. அவன் வாயைத் திறந்தால் அவள் எதற்காகக் காத்திருப்பாள் என்று நினைத்ததும் கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். இன்னும் மூன்றுதான். மூன்றும் போகட்டும். அதற்கு அப்புறம் சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை மணல் கழுத்துக்கு வந்துவிட்டது. புள்ளி ஒன்றே ஒன்று. அன்றைக்குத்தான் அவனுக்கு முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. குறுக்குவெட்டுப் படங்களை அடுக்கித் தோலின் உருவத்தை முழுசாகக் கட்டிக் காட்ட மெஷினால் முடியும். பிளாஸ்டிக் அறுவை செய்கிறவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பான். பொத்தானை அழுத்தினான். திரையில் இருட்டுக்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு முகம் மெல்ல உருண்டு அவன் பக்கம் திரும்பியது.

கண்களை இறுக்கி மூடியிருந்தாள். புருவம் நெரிந்து, நெற்றி சுருங்கி, கன்னங்கள் உப்பியிருந்தன. உதடுகளை உள்ளே மடித்துப் பல்லால் கடித்திருந்தாள். கட்டிலில் அவள் விளையாட்டாகப் பிடிக்கிற மூச்சு இல்லை இது. இனி முடியாது என்கிற பிள்ளையின் முகம். முடியாவிட்டாலும் அப்பா சொல்லவில்லையே என்று பிடித்துக்கொண்டிருக்கிற முகம்.

தான் எட்டு நாளாக என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போது தாவீதுக்கு உறைத்தது.

அன்று மத்தியானமே விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். சுகாசினி அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பொறுக்காமல் இருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கரெண்ட் போனது. ஓடியது. ஒரு வார்த்தை சொல்ல மறந்தது. காலைப் படங்கள். பெட்டி, மணல், டாக்டர் ரிப்போர்ட், முகம். அவன் முடித்ததும் அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கித் தரையில் போட்டாள்.

"அப்போ எம்புள்ள உன் பேச்சக் கேட்டுக்கினுதான் செத்தா."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்திருக்கா."

"சுகா..."

"நாளைக்கு என்னக் கூட்டினு போ" என்றாள். முறத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு இருவரும் பைக்கில் போனார்கள். தெருவில் மழைத்தண்ணீரும் பூக்கடைக் குப்பையும் மிதந்தன. அவள் அவனைப் பிடித்துக்கொள்ளாமல், பின்கம்பியைப் பிடித்தபடி வந்தாள். ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, அவளுக்கு அனுவின் நாற்காலியை இழுத்துப் போட்டான். அறையில் ஸ்பிரிட் வாசனை இல்லை. ஆற்று வாசனை அடித்தது. ஈர மணல், அழுகிய சாமந்தி.

மெஷின் சுழன்றது.

படம் வந்தபோது சுகாசினி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஸ்கேன் படத்தைப் படிக்கத் தெரியாது. அவன் விரலால் காட்டினான். திரை முழுக்க வெளுப்பு. பெட்டி என்று ஒன்று இப்போது இல்லை. மணல் அவள் தலைக்கு மேலும் போய்விட்டது. அந்த வெளுப்புக்கு நடுவில், இரண்டு கறுப்பு இலைகள் மாதிரி, நுரையீரல்.

"இந்தக் கறுப்பு இன்னா?"

"மூச்சு."

"அவ்ளோவும் அவ புடிச்சு வச்சிருக்கிறதா?"

"ஆமா."

அவள் திரையைத் தொட்டாள்.

"ஒரு கட்டிகூட இல்ல சுகா" என்றான் அவன். "பாரு. சுத்தமா ஆயிடுச்சு. ஒண்ணுகூட இல்ல. நாம எவ்ளோ ஜெபம் பண்ணோம். பாரு."

"மூஞ்சியக் காட்டு."

காட்டினான்.

அவள் அழவில்லை. பிள்ளை தூக்கத்தில் சிணுங்கினால் எழுந்து பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"வலிக்குதுபா அவளுக்கு" என்றாள். "வுடச் சொல்லு."

"சொன்னா போயிடுவா."

"போவட்டும். அம்மா நான் சொன்னா கேக்க மாட்டா. நீ சொல்லு. ஒரு வார்த்த. எம்புள்ளைய வுடச் சொல்லுபா."

தாவீது மைக் பொத்தானை அழுத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காலி டேபிளுக்கு மேல், சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐம்பது நாளாகத் தொண்டையிலேயே கிடந்த வார்த்தை அது. மெல்ல வந்தது.

"அபிம்மா. போதும் கண்ணு. வுடலாம்."

வளையம் நின்றிருந்தது. அவன் தொடாமலேயே மறுபடி சுழன்றது.

ஸ்பீக்கரில் ஒரு சத்தம். புஸ்ஸென்று. சிரிப்பு மட்டும் இல்லை, மற்றபடி அதே சத்தம். நீளமாக, நடுங்கி நடுங்கி, வெளியே வந்துகொண்டே இருந்தது. திரையில் அடுத்தடுத்துப் படம் விழுந்தது. ஒவ்வொன்றிலும் கறுப்பு சுருங்கியது. விலாக்கள் இறங்கின. முகம் தளர்ந்தது. புருவம் பிரிந்தது. கன்னம் அடங்கியது. உதடுகள் பல்லிலிருந்து விடுபட்டு மெல்லத் திறந்தன. தூங்குகிற பிள்ளையின் வாய்.

சுகாசினி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவனும் அவளைப் பிடித்துக்கொண்டான். ஐம்பது நாளில் அவர்கள் ஒருவரையொருவர் தொட்டது அப்போதுதான்.

"போயிட்டாளா?" என்றாள் அவள், முகத்தைத் தூக்காமல்.

சத்தம் நின்றது. அறை அமைதியாக இருந்தது.

"போயிட்டா" என்றான்.

வளையம் நிற்கவில்லை.

இன்னொரு படம் விழுந்தது. அவன் பார்த்தான். விலாக்கள் இலேசாக விரிந்திருந்தன. மூச்சை முழுக்க விட்டவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பதை அவன் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அபி மூச்சை இழுத்தாள்.

திறந்த வாயில் வெளுப்பு. அடுத்த படம். தொண்டையில். அடுத்தது. மூச்சுக்குழாய் பிரிகிற இடம். அங்கிருந்து இரண்டு பக்கமும். கிளை கிளையாக. அடியிலிருந்து நிரம்பியது. சுத்தமான அந்த நுரையீரல். ஒரு புள்ளிகூட இல்லாத நுரையீரல். கால்வாசி. பாதி.

ஸ்பீக்கரில் கரகரவென்று ஏதோ. இருமலா.

"இன்னாது அது?" சுகாசினி எழுந்தாள். "இன்னா அது வெள்ளையா? அபி அப்பா, இன்னா ஆவுது?"

அவன் மைக்கின்மேல் விழுந்தான். யோசிக்கவில்லை. வாயில் வந்ததைக் கத்தினான்.

"இழுக்காத கண்ணு. இழுக்காத. புடிச்சுக்கோ. புடிச்சுக்கோ அபிம்மா, புடிச்சுக்கோ."

கரகரப்பு சட்டென்று நின்றது.

அடுத்த படம் வந்தது. நுரையீரல் இரண்டும் நுனிவரை வெள்ளை. வெளியே இருக்கிற மணலும் உள்ளே இருக்கிற மணலும் ஒரே வெள்ளை. நடுவில் இதயத்தின் விளிம்பு மட்டும் கலங்கித் தெரிந்தது. அசைகிற பொருளுக்குத்தான் படத்தில் விளிம்பு கலங்கும்.

முகம் உருண்டு திரும்பியது. வாயை மூடிக்கொண்டிருந்தாள். உதடுகளை உள்ளே மடித்து, பல்லால் கடித்து, கண்ணை இறுக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தின் தோலுக்கடியில் மணல் நெறுநெறுவென்று புடைத்திருந்தது.

பிடித்துக்கொண்டாள்.

அடுத்த படம். அதே முகம். அடுத்தது. அதே முகம். வெளியே விடிந்து, ஷட்டருக்கடியில் சாம்பல் வெளிச்சம் வந்தது. சுகாசினி கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி, காலி டேபிளைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாவீதின் விரல் மைக் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் வாய் திறந்திருந்தது. மண்ணுக்கடியில் அவன் மகள், அப்பா அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தாள்.